சாடைக்கு ஓர் ஆள்

நாகஜோதி தன் புருஷனோடு பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. சண்டை போட்டு நிறுத்தியிருந்தால் அருள்முருகன் தப்பித்திருப்பான். பதிலுக்கு அவனும் நாலு வார்த்தை கத்தியிருப்பான், மூன்றாம் நாள் புரோட்டாப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்து அசடு வழிந்திருப்பான். அவள் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. வாயை மூடினாள், அவ்வளவுதான்.

குற்றம் அவன்மேல்தான். லீவில் வந்தவன், இனிமேல் துபாய் கிடையாது, செந்துறையிலேயே ஒரு கடை போட்டு உட்கார்ந்துவிடுகிறேன் என்று அவளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். அவளும் நம்பி, கடைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டாள். ஒருநாள் விடிவதற்கு முன்னால், அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, பையைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டான் மனுஷன். சொன்னால் அழுவாள், அழுதால் போக மனசு வராது என்று பயந்தான். கட்டினவளிடம் சொல்லிக்கொள்ளாமல் ஓடுகிறவனை என்ன சொல்வது? எழுந்து பார்த்த நாகஜோதி அழவில்லை. அதன்பிறகு அவனிடம் வாய் திறக்கவும் இல்லை.

நடுவில் ஒருமுறை அவன் லீவில் போய்வந்தான். வேளா வேளைக்குச் சோறு வந்தது, துணி துவைத்து மடித்து வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. மகள் தாமரை பக்கத்தில் இருந்தால் "ஒங்கப்பாவுக்குக் கொழம்பு ஊத்து" என்பாள். மகள் இல்லாவிட்டால் வாசலில் மேயும் கோழியைப் பார்த்து, "சோறு ஆறுது, திங்கிறவங்க திங்கலாம்" என்பாள். இவனும் கோழியைப் பார்த்தே, "வர்றேன்" என்று பதில் சொல்வான். எங்கள் பக்கத்தில் இதற்குச் சாடை பேசுவது என்று பெயர். பேசாதவர்கள் பேசிக்கொள்ள வேண்டுமானால் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும். கோழியானாலும் போதும்.

வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வான். தாமரைதான் எடுக்கும். ஏழாவது படிக்கிற பிள்ளை.

"அம்மா பக்கத்துல இருக்கா?"

"இருக்கு."

"எப்படி இருக்குன்னு கேளு."

கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு, "நல்லாத்தான் இருக்காம். ஒனக்குக் கால் வலி எப்படி இருக்குன்னு கேக்குது. ராத்திரி ஃபேனுக்கு நேரா படுக்க வேணாமாம்" என்று தாமரை சொல்லும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அருள்முருகன் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவான். நாகஜோதியின் குரல் ஒருநாளும் போனில் கேட்டதில்லை. அவள் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள்தானே என்று அவனே சமாதானம் சொல்லிக்கொள்வான்.

அருள்முருகனுக்குத் துபாயில் ஹாய்ஸ்ட் ஓட்டுகிற வேலை. கட்டுகிற கட்டடத்தின் வெளிப்பக்கமாக ஏறி இறங்கும் இரும்புக் கூண்டுதான் ஹாய்ஸ்ட். ஆளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பினால் குலுங்கிக் குலுங்கி மேலே போகும். நாள் முழுக்க நின்றே ஓட்ட வேண்டும். கால் வீங்காமல் என்ன செய்யும்?

கட்டடம் தென்கொரியா கம்பெனியுடையது. மேலே உள்பூச்சு வேலையை ஒரு சப்-காண்டிராக்ட்காரன் எடுத்து, அதற்கு வடகொரியா ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே முகம், ஒரே பாஷை, மத்தியானம் டப்பாவைத் திறந்தால் ஒரே புளித்த முட்டைக்கோசு வாசனை. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. பேசினால் தெற்குக்காரருக்கு விசாரணை, வடக்குக்காரருக்கு அதைவிடப் பெரியது என்று சைட்டில் சொன்னார்கள். வடகொரியர்களைக் கவனிக்கவென்றே ஒரு ஆள் கூட இருந்தான். எப்போதும் கறுப்புத் தொப்பி. வேலை செய்ய மாட்டான், திட்ட மாட்டான், சும்மா பார்த்துக்கொண்டே இருப்பான். நம் ஆட்கள் அவனைத் தொப்பிக்காரன் என்றார்கள்.

தென்கொரியா பக்கத்தில் யூன் சார் என்று ஒரு பெரியவர், மேனேஜர். அறுபது தாண்டி, ரிட்டயராகி, மறுபடி கூப்பிட்டு வேலை கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் சவுதியில் ரோடு போட வந்தவர். பாலைவனத்தில் பொறுக்கிய ஹிந்தியும் அரபியும் கலந்து ஒரு பாஷை வைத்திருந்தார். தினமும் காலையில் மேல்மாடிக்கு அருள்முருகனின் கூண்டில்தான் போவார்.

ஒருநாள் அவர் ஏறியபோது கூண்டில் ஒரு வயசான வடகொரியப் பூச்சுக்காரரும், கலவை வண்டியைத் தள்ளும் அவருடைய கூட்டாளி ஒருவனும் இருந்தார்கள். கூண்டு கிளம்பியதும் யூன் சார் அருள்முருகனின் முகத்தைப் பார்த்து, கொரிய பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார்.

"சார், மாலும் நஹி, தெரியாது" என்றான் அருள்முருகன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மறுபடியும் ஏதோ கேட்டுவிட்டு நிறுத்தினார். அப்போது பூச்சுக்காரர், அருள்முருகனின் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே, கொரிய பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னார். யூன் சார் அருள்முருகனைப் பார்த்துத் தலையாட்டினார்.

அருள்முருகனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் நடப்பது என்ன என்று முழுசாகப் புரிந்துவிட்டது. அட, இது நம் வீட்டுச் சமாச்சாரம் அல்லவா என்று நினைத்தான். கூட்டாளி தொப்பிக்காரனிடம் போய்ச் சொன்னாலும், ஹாய்ஸ்ட்காரனிடம்தான் பேசினேன் என்று இரண்டு பேரும் சொல்லிவிடலாம். துபாய்க்கு வந்து தான் கோழியாகிவிட்டதை நினைத்தபோது அவனுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. முகத்தை அசைக்காமல் நின்றான். நடுவில் நிற்கிறவனுக்கு அதுதான் வேலை.

விஷயத்தை யூன் சாரே ஒருநாள் தனியாக இருந்தபோது சொன்னார். கொரியா யுத்தத்தின்போது அவருக்கு ஆறு வயசு. இப்போது வடகொரியாவில் இருக்கிற வொன்சான்தான் ஊர். அப்பா இவரைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பலில் ஏறிவிட்டார். அம்மாவும் அக்காவும் அடுத்த கப்பலில் வருவதாகப் பேச்சு. அடுத்த கப்பல் வரவேயில்லை. அக்காவுக்கு அப்போது பத்து வயசு. இருக்கிறாளா இல்லையா என்று அன்றிலிருந்து தெரியாது. பிரிந்த குடும்பங்களைச் சந்திக்க வைக்கிற குலுக்கலுக்கு வருஷா வருஷம் பெயர் கொடுக்கிறார், விழவில்லை. இந்தப் பூச்சுக்காரரும் வொன்சான்தான். அக்காவின் பெயரையும் தெருவையும் கேட்டுக்கொண்டார். காலம் முடிந்து ஊருக்குப் போகிற ஓர் ஆளிடம் வாய்ச்செய்தியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்டோபரில் புது ஆட்கள் வந்து இறங்கும்போது அவர்களில் ஒருவன் பதில் கொண்டுவருவான்.

"ஜிந்தா, யா மௌத்" என்றார் யூன் சார். உயிரோடா, செத்தா. "பஸ். அவ்வளவுதான் தெரியணும்."

அந்த வருஷம் அக்டோபர் நோன்பு மாதத்தில் வந்தது. சைட்டில் டீ கிடையாது, வேலை மத்தியானத்தோடு முடிந்தது. புது ஆட்கள் வந்து இறங்கிய மறுநாள், யூன் சார் அருள்முருகனை ஆபீசுக்குள் கூப்பிட்டு டிவியைக் காட்டினார். ஆபீசில் இருந்த தென்கொரியர்கள் எல்லாரும் அதன் முன்னால் கூடியிருந்தார்கள். ஒரு ரோடு. ரோட்டின் குறுக்கே மஞ்சளாக ஒரு கோடு, அதுதான் இரண்டு கொரியாவுக்கும் எல்லை. கார் வந்து நின்றது. அவர்களுடைய பிரசிடெண்ட் மனைவியோடு இறங்கி நடந்து வந்து, கோட்டுக்கு முன்னால் நின்று ஏதோ பேசினார். பிறகு கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். அவ்வளவுதான். அதையே திருப்பித் திருப்பிப் போட்டார்கள்.

யூன் சாருக்கு அந்தப் பிரசிடெண்டைப் பிடிக்காது, ஓட்டும் போட்டதில்லை என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு நின்றுகொண்டே பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டபோதும் உட்காரவில்லை. பிரசிடெண்டின் கால் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் தன் காலைக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டார்.

அருள்முருகனுக்கு ஊர் ஞாபகம் வந்தது. அவன் தெருவில் செல்லையா வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போர்வெல் தகராறில் எத்தனையோ வருஷப் பகை. நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. ஒருநாள் செல்லையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டில் போய் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். முடிந்தது. அன்று சாயங்காலமே இரண்டு வீட்டுப் பெண்களும் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொண்டார்கள். பெரிய தலை தண்ணீர் குடித்த பிறகும் முறைத்துக்கொண்டு நின்றவனைத்தான் ஊர் காறித் துப்பியது. ஆக, பிரசிடெண்டே கோட்டைத் தாண்டிவிட்டார், இனி இவர்களுக்கு என்ன தடை என்று நினைத்தான். யாரும் அவனிடம் வேறுமாதிரி சொல்லவில்லை. அவனும் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஹாய்ஸ்டுக்குக் கீழே கூட்டமாக நின்றார்கள். யூன் சார் ஒரு பக்கம். பூச்சுக்காரர் புது ஆட்களோடு இன்னொரு பக்கம். அவர் முகத்தில் ஏதோ செய்தி இருப்பதாக அருள்முருகனுக்குப் பட்டது, யூன் சார் வந்ததிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பிக்காரனும் அங்கேதான் நின்றான். அருள்முருகன் கூண்டை விட்டு இறங்கினான். யூன் சாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பூச்சுக்காரரின் கையில் வைத்தான்.

"பாத் கரோ சார், பேசுங்க. பிரசிடெண்டே பேசிட்டாரு. இனிமே நான் எதுக்கு நடுவுல?"

அவனுக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்து போயிருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷம், சொந்த வீட்டில் செய்ய முடியாததைச் செய்துவிட்ட சந்தோஷம். இரண்டு கிழவர்களும் பிடித்த கையை உடனே விடவில்லை. பேசவும் இல்லை. யூன் சாரின் முகம் வெள்ளைக் காகிதமாக இருந்தது. பூச்சுக்காரர் தரையைப் பார்த்தார். புது ஆட்கள் எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள். தொப்பிக்காரன் மட்டும் அந்த இரண்டு கைகளையும் பார்த்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனான்.

யாரும் கத்தவில்லை. அதனால்தான் அருள்முருகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மத்தியானம் வேலை முடிகிற நேரத்துக்கு இரண்டு பேர் வண்டியில் வந்தார்கள். தொப்பிக்காரனோடு மேலே போய்ப் பூச்சுக்காரரைக் கூட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார்கள். அவர் கையைக்கூடக் கழுவியிருக்கவில்லை, முழங்கை வரை சிமெண்ட் காய்ந்திருந்தது. பாதி வழி இறங்கியதும் அவர் அருள்முருகனின் முகத்தைப் பார்த்தார். அதற்கு முன் அவர் அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை, எப்போதும் கைப்பிடிதான். அவனைப் பார்த்து, அவசரம் இல்லாமல், கொரிய பாஷையில் நாலைந்து வரி சொன்னார். ஹாய்ஸ்ட் ரொம்பக் குலுங்குகிறது என்று குறை சொல்கிற மாதிரியே சொன்னார். கூட இருந்த மூன்று பேரும் அவரைத் தடுக்கவில்லை. கொரிய பாஷை தெரியாத ஹாய்ஸ்ட்காரனோடுதானே பேசுகிறார்.

அக்காவைப் பற்றிய பதில் அதுதான். அருள்முருகனுக்குச் சந்தேகமே இல்லை. அத்தனையும் அவன் காதில் விழுந்தது, ஒன்றுகூட உள்ளே நிற்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாமென்று பார்த்தான். பூச்சுத் தூள் படிந்த முகம், நல்லதா கெட்டதா என்று எதுவும் அதில் இல்லை. கீழே வந்ததும் அவனே கதவைத் திறந்துவிட்டான். வேறு என்ன செய்ய, அதற்குத்தானே அவனுக்குச் சம்பளம். வண்டி போய்விட்டது. அந்தப் பூச்சுக்காரரை அதற்குப் பிறகு சைட்டில் யாரும் பார்க்கவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். ஊரில் என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி ரூமில் எல்லாரும் சாப்பிட்டார்கள். அவனும் சாப்பிட்டான். என்ன குழம்பு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் யூன் சார் கூண்டில் தனியாக ஏறினார். திட்டுவார் என்று அருள்முருகன் காத்திருந்தான், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் திட்டவில்லை. பாதி உயரம் போன பிறகு, "அந்த ஆள். லாஸ்ட் டைம். உன்கிட்ட பேசினானா?" என்று தன் கலப்பட பாஷையில் கேட்டார்.

"பேசினார் சார்."

யூன் சார் கட்டைவிரலை மேலே காட்டினார். பிறகு கீழே காட்டினார். பிறகு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் பேசாத இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவன் எந்தக் காலத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான்? அவர் உன்னை விசாரித்தார், இவர் உன்னை நினைத்து அழுதார் என்று ரெண்டு சேர்த்துப் போட்டுத்தான் சொல்வான். அருள்முருகனின் கட்டைவிரல் மேலே போனது.

"சிரிச்சார் சார். இப்படிக் காட்டினார். சிஸ்டர் குட்."

யூன் சார் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேல்மாடி வந்தும் இறங்கவில்லை. அவனோடே கீழே வந்து, மறுபடி மேலே போனார்.

பெருநாள் லீவில் அருள்முருகனைக் கூட்டிக்கொண்டு தேரா கடைத்தெருவுக்குப் போனார். அக்காவுக்குக் கம்பளிச் சட்டை வாங்க வேண்டும், வொன்சானில் குளிர் எலும்பைக் கடிக்கும் என்றார். இனிமேல் சந்திப்பு அடிக்கடி நடத்துவதென்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கிறதாம், தன் பெயர் கட்டாயம் வரும் என்றார். காயல்பட்டினத்துக்காரர் ஹஸ்னைனின் துணிக்கடையில் நுழைந்தார்கள்.

"என்ன சைஸ் வேணும்னு கேளுங்க தம்பி" என்றார் ஹஸ்னைன்.

அருள்முருகன் கேட்டான். யூன் சார் யோசிக்காமல் கையைத் தன் நெஞ்சுக்குக் கீழே வைத்து உயரம் காட்டினார். பத்து வயசுப் பிள்ளையின் உயரம். ஹஸ்னைன் குழந்தைகள் சட்டையை எடுத்துப் போட்டார். யூன் சார் அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கை மெதுவாக மேலே ஏறியது, தோள் வரைக்கும் வந்தது, அங்கேயும் நிற்காமல் தடுமாறியது. எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. அருள்முருகன் கடைக்கு வெளியே வந்து நின்றுகொண்டான்.

புது வருஷத்தில் அவர்கள் நாட்டில் வேறு பிரசிடெண்ட் வந்தார். கோட்டைத் தாண்டியவர் தன் ஊருக்குப் போய்விட்டார் என்று யூன் சார் சொன்னார். பேச்சுவார்த்தை நின்றது, சந்திப்பு நின்றது. குலுக்கலில் அவர் பெயர் வரவில்லை, குலுக்கலே இல்லை. ஆனாலும் கூண்டில் ஏறும்போதெல்லாம், "சிஸ்டர் குட்?" என்று கேட்பதை மட்டும் அவர் விடவில்லை. "குட் சார்" என்று அருள்முருகனும் சொல்லிக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் அப்படிச் சொல்லும்போது கைப்பிடியைப் பார்த்துக்கொள்வான். போகப்போக அதுவும் இல்லை. கதவைச் சாத்துவது போல, கைப்பிடியைத் திருப்புவது போல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

மார்ச்சில் ஒருநாள் மணல் காற்று. பலமாகக் காற்றடித்தால் ஹாய்ஸ்ட் ஓட்டக்கூடாது என்பதால் அவனை ரூமுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இல்லை, என்றாலும் சும்மா கிடக்க முடியாமல் வீட்டுக்குப் போன் போட்டான். யாரோ எடுத்தார்கள்.

"தாமரையா?"

மூச்சு மட்டும் கேட்டது. பள்ளிக்கூட நேரம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. அது யாருடைய மூச்சு என்றும் தெரிந்தது. நடுவில் மகள் இல்லை, கோழி இல்லை. நாகஜோதி போனை வைக்கவும் இல்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைப் பேசினான்.

"போன வாரம் கேட்டியே, கால் வலி எப்படி இருக்குன்னு. இப்பத் தேவலாம். முட்டிக்குக் கீழ வீங்கி இருந்துச்சு, வத்திக்கிட்டு வருது. புள்ளைகிட்ட வீக்கத்தப் பத்திச் சொல்லல, பயந்துக்கும்."

"நான் எப்பக் கேட்டேன்?" என்றாள் நாகஜோதி.

நாலு வருஷத்தில் அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"ஃபேனுக்கு நேரா படுக்க வேணாம்னு சொன்னியே."

"இல்ல."

"பொங்கலுக்கு என்னையச் சட்டை எடுத்துக்கச் சொன்னியே."

"இல்ல."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏழாவது படிக்கிற பிள்ளை, வாரா வாரம், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் தானாக ஒன்றைச் சொல்லியிருக்கிறது. அதைத் தின்றுதான் அவன் உயிர் வாழ்ந்திருக்கிறான். நெஞ்சில் எங்காவது வலிக்கிறதா என்று பார்த்தான். எங்கேயும் வலிக்கவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது.

"தாமரை ஸ்கூலுக்குப் போயிருக்கு. நாலு மணிக்கு வரும்" என்று நாகஜோதி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் காற்று அடங்கி ஹாய்ஸ்ட் ஓடியது. யூன் சார் ஏறினார். கதவைச் சாத்தியதும் வழக்கம்போல, "சிஸ்டர் குட்?" என்றார். அருள்முருகன் அவர் முகத்தைப் பார்த்தான். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் காலையில் நினைத்திருந்தான். அந்த மனுஷன் வாங்கிவைத்த கம்பளிச் சட்டை ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. இதையும் பிடுங்கிக்கொண்டால் அவர் எதை வைத்துக்கொண்டு மேல்மாடி வரைக்கும் போவார்? தான் நேற்றிலிருந்து எப்படி இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும்.

"குட் சார்" என்றான்.

வெள்ளிக்கிழமை போன் செய்ய அவனுக்குக் கை வரவில்லை. செய்யாவிட்டால் பிள்ளை பயந்துவிடும் என்று செய்தான்.

"அம்மா பக்கத்துல இருக்கா?"

"இருக்கு."

வழக்கமாகக் கேட்கிற அடுத்த கேள்வியை அவன் கேட்கவில்லை. பிள்ளையை மறுபடியும் பொய் சொல்ல வைக்க மனசில்லை. பிறகு தாமரை, தனக்கே விளங்காத ஒன்றை ஒப்பிக்கிறவள் போலச் சொன்னாள்.

"முட்டிக்குக் கீழ வீக்கம் முழுசா வத்திடுச்சான்னு அம்மா கேக்கச் சொல்லுது. என்ன வீக்கம்ப்பா? எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

அருள்முருகன் கட்டிலில் உட்கார்ந்தான். காலைத் தூக்கி மேலே வைத்து, முட்டிக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தான். அழுத்தின இடம் குழிந்து, மேலே வர நேரம் எடுத்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்குன்னு சொல்லு" என்றான்.